ரிங்கில் வைத்த பொட்டு

கோபம் வந்தால் எனக்குக் காது சூடாகிவிடும். கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கே அது தெரியும். தண்ணி லாரிக்காரர் ஹாரன் அடிப்பதற்கு முன்னால் என் வீட்டு வாசலை ஒருமுறை பார்த்துக்கொள்வார். அந்தத் திங்கட்கிழமை சூடான காது இன்னும் ஆறவில்லை. ஆறட்டும், நிதானமாக எழுதலாம் என்று காத்திருந்தால் இதை எழுதவே மாட்டேன். அதனால் சூட்டோடு எழுதுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்புக்கான உறுப்புகளைச் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அளவு பார்ப்பதும், அளவு பார்க்கிற சாமான்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பதும் என் பொறுப்பு. "ஸ்கேலை வெச்சு ஸ்கேலை அளக்கறதுக்கு உனக்குச் சம்பளமாடி?" என்று என் அக்கா கிண்டல் செய்வாள். கிட்டத்தட்ட அதேதான்.

மிஷினில் ஒரு ஜாபை, அதாவது ஓட்டை போட வேண்டிய உறுப்பை, மாட்டினால், அது சரியாக எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று மிஷினுக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் ப்ரோப். விரல் நீளக் கம்பி, நுனியில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்புக் கல். அந்தக் கல் போய் ஜாபைத் தொடும். தொட்ட இடத்தை வைத்து மிஷின் கணக்குப் போட்டுக்கொண்டு ஓட்டை போடும். ப்ரோப் பொய் சொன்னால் மிஷினும் அதை நம்பி ஓட்டையைத் தப்பான இடத்தில் போட்டுவிடும். அதனால் தினமும் காலையில் மாஸ்டர் ரிங்கை எடுப்பேன். அது தடித்த எஃகு வளையம், உள்ளளவு இவ்வளவுதான் என்று துல்லியமாகத் தெரிந்தது. அதைத் துடைத்து மிஷின் மேஜையில் வைத்து, ப்ரோபை உள்ளே இறக்கி, நாலு பக்கமும் தொட வைப்பேன். ப்ரோப் நடுவில் இல்லையென்றால், எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று மிஷின் குறித்துக்கொண்டு, அதற்குத் தகுந்தாற்போல எல்லாவற்றையும் நகர்த்திக்கொள்ளும். இதில் துடைப்பதுதான் முக்கால்வாசி வேலை. உள்ளே ஒரு தலைமுடி கிடந்தாலும் அன்றைய கணக்கு அவ்வளவுதான்.

ஆயுத பூஜை சமயத்தில் ஆவடியில் என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அந்த வாரம் முழுக்க லீவு போட்டுவிட்டு, சொட்டு மருந்தும் கையுமாக இருந்தேன். திங்கட்கிழமை கம்பெனி கேட்டுக்குள் நுழையும்போது செக்யூரிட்டி ரூம் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார், எங்கள் பெரிய மிஷினின் ஆப்பரேட்டர். என்னைவிடச் சில வயது சின்னவர். பூந்தமல்லியில் பள்ளிவாசலுக்குப் பின் தெருவில் வீடு, வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் போய்வருவார். அந்த மிஷின் வந்த நாளிலிருந்து அவர்தான் அதை ஓட்டுகிறார். சாப்பாட்டுப் பை மடியில் இருந்தது.

"என்னப்பா, உள்ள போகாம இங்க உக்காந்திருக்க?"

"மேனேஜர்தான் வெளிய குந்தச் சொன்னாருக்கா."

"எதுக்கு?"

"நீ உள்ள போ. அவரே சொல்லுவாரு."

உள்ளே போனேன். மேனேஜர் வேறு ஊர்க்காரர், நன்றாகப் படித்தவர், வானகரத்தில் ஃப்ளாட் வாங்கிக் குடியிருக்கிறார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தப்பு நடந்தால், என்ன நடந்தது என்று பார்ப்பதற்கு முன்னால் யார் மேல் வைக்கலாம் என்று பார்க்கிற மனிதர்.

"மேடம், சனிக்கிழமை போன லோடு மொத்தமும் அன்னிக்கு ராத்திரியே ரிஜெக்ட். எல்லா ஓட்டையும் ஒரு பக்கமா நகர்ந்திருக்கு. கஸ்டமர் கத்துறாங்க," என்றார். "ஆப்பரேட்டர் ப்ரோபைக் கொண்டுபோய் எதுலயோ இடிச்சிருக்கான். இடிச்சிட்டு வாயைத் திறக்காம மறைச்சிருக்கான். மெமோ ரெடி. சாயந்திரம் முதலாளி சார் வந்து கையெழுத்துப் போட்டா, கணக்கை முடிச்சு அனுப்பிடலாம்."

"இடிச்சதை யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல. வேற எப்படி நகரும்?"

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"நேத்தே போன்ல கேட்டேனே. 'எம்மேலயே போட்டுக்கங்க சார்'ங்கறான். அதுக்கு என்ன அர்த்தம், நீங்களே சொல்லுங்க."

அர்த்தமாம்! அங்கேதான் காது சூடாக ஆரம்பித்தது. வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். ப்ரோபை இடித்தால் யாரும் யாரையும் தூக்கில் போடுவதில்லை. எல்லோரும் எப்போதாவது இடித்திருக்கிறோம். இடித்துவிட்டு மறைத்தவன் என்ற பேர்தான் பெரிய விஷயம். எங்கள் எஸ்டேட்டில் ஒரு டீக்கடைக்கு நாலு கம்பெனி ஆட்கள் வருவார்கள். காலையில் இங்கே பேசினது மத்தியானம் அடுத்த தெரு கேட்டில் நிற்கும். அந்தப் பேரோடு போனால் எவனும் அவரிடம் ஒரு மிஷினை நம்பிக் கொடுக்க மாட்டான். பெட்டி தூக்கத்தான் கூப்பிடுவான். அந்த மனிதருக்குத் தெரிந்தது மிஷின் வேலை ஒன்றுதான்.

பையைக்கூட வைக்காமல் நேராக மிஷினுக்குப் போனேன். நூலளவு ஆட்டத்தையும் ஊசியில் காட்டிவிடும் டயலை எடுத்து, அதன் முனையை அந்தச் சிவப்புக் கல்லின் மேல் வைத்தேன். ப்ரோபைக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினேன். இடித்திருந்தால் கம்பி கோணியிருக்கும், சுற்றும்போது ஊசி ஆடும். ஊசி ஆடவே இல்லை. நம்பாமல் இன்னொரு முறை சுற்றினேன். அசையாமல் அப்படியே நின்றது. கல்லில் ஒரு கீறல்கூட இல்லை.

அப்புறம் மிஷின் திரையைப் பார்த்தேன். ப்ரோப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஒரு பக்கமாகத் தள்ளியிருப்பதாக அதில் பதிவாகியிருந்தது. தெருவில் போகிறவரிடம் இதைச் சொன்னால் இதெல்லாம் ஒரு அளவா என்பார். எங்களுக்கு அது மலை. கையில் இருக்கிற ப்ரோப் நட்ட நடுவில் இருக்கிறது, மிஷினோ அது கோணல் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் இடிக்கவில்லை. யாரோ சரிபார்க்கிறேன் என்று தப்பாகச் சரிபார்த்திருக்கிறார்கள்.

ரிங் பெட்டியைத் திறந்தேன். அடப்பாவிகளா!

ரிங்கின் உள் சுவரில் சந்தனம். அதன் நடுவில் குங்குமம். அழகாக வட்டமாக வைத்த பொட்டு, காய்ந்து ஓடு மாதிரி கெட்டியாகியிருந்தது. குங்குமத்தின் மேல் குண்டூசியால் குத்தினாற்போல ஒரு சின்னக் குழி. ப்ரோபின் கல் வந்து தொட்ட இடம் அது. மிஷின் அந்தச் சந்தனத்தை எஃகு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்த நினைப்பில்தான் மூன்று நாள் ஓட்டை போட்டிருக்கிறது.

பெட்டியை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். அவர் இன்னும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். பெட்டியைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன். பார்த்தார். பார்த்துவிட்டுச் செருப்புக் கடை விளம்பரம் ஒட்டியிருந்த எதிர்ச் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார்.

"உனக்கு இது தெரியும்," என்றேன்.

"தெரியும்க்கா."

"தெரிஞ்சும் துடைக்காம ஓட்டினியா? உனக்கு மண்டையில இருக்கறது மூளையா, களிமண்ணா?"

"கத்தாதக்கா. செக்யூரிட்டி பாக்குறாரு."

"பாக்கட்டும்! சொல்லு, என்ன நடந்துச்சு?"

மெல்ல மெல்லச் சொன்னார். பூஜைக்கு எல்லாச் சாமானையும் கழுவித் துடைத்துப் பலகையில் அடுக்கியிருக்கிறார்கள். ப்ரோப் இந்த வருஷம் வாங்கியது, முதலாளிக்கு அதன் மேல் உயிர். அதை மிஷினிலிருந்து கழற்றி, ரிங்கோடு சேர்த்துச் சாமி படத்துக்கு முன்னால் வைக்கச் சொல்லியிருக்கிறார். தன் கையாலேயே பொட்டு வைத்திருக்கிறார். ரிங்கின் வெளிப்பக்கம் அளவு பொறித்திருக்கும், அந்த எழுத்து மறையக் கூடாதே என்று மனிதர் உள்பக்கமாக விரலை விட்டு வைத்திருக்கிறார். மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் ஒரு பீஸாவது ஓட்ட வேண்டும், அது எங்கள் கம்பெனியில் எப்போதும் உள்ள வழக்கம். அதற்காக அன்று வந்தது முதலாளி, மேனேஜர், இவர் மூன்று பேர்தான். கழற்றிய ப்ரோபைத் திரும்ப மாட்டினால் சரிபார்க்காமல் ஓட்டக் கூடாது. இவர் ரிங்கை எடுத்திருக்கிறார். துடைக்கத் துணியும் எடுத்திருக்கிறார்.

"சார் பக்கத்துலயே நின்னுகினு இருந்தாரு. 'தொடைக்காதப்பா, நல்ல நாளும் அதுவுமா. அது தானா உதிரட்டும்'னாரு. நான் மேனேஜரைப் பாத்தேன். அவரு, 'ஒரு புள்ளிதானே, நல்ல நேரம் போயிடும், ஓட்டு'ன்னாரு. ஓட்டினேன்."

"முதல் பீஸை அளந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே?"

"மொத பீஸு சாமிகிட்ட வெச்சிட்டாங்கக்கா. பூ சுத்தி."

எந்தப் பீஸை முதலில் அளக்க வேண்டுமோ, அந்தப் பீஸ் பிள்ளையார் படத்துக்கு முன்னால் பூவோடு உட்கார்ந்திருக்கிறது! அதற்கப்புறம் ஓடியதில் எல்லாம் ஓட்டையின் அகலத்தை மட்டும் பார்த்திருக்கிறார்கள், அகலம் சரியாக இருந்திருக்கிறது. இடம் நகர்ந்ததைப் பார்க்க வேண்டிய நான் அம்மா கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருந்தேன்.

"இதை மேனேஜர்கிட்ட சொல்றதுக்கு என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

அப்போதுதான் அவர் என்னை நேராகப் பார்த்தார். "இன்னான்னு சொல்றது? சாமிக்கு வெச்ச பொட்டைத் தொடைக்காததாலதான் இப்டி ஆச்சுன்னு நான் சொல்றதா? வேற எவன் சொன்னாலும் ஒண்ணுமில்ல. நான் சொன்னா அது வேற மாரி போயிடும். அன்னிக்கு நானே துணியால தொடைச்சிருந்தா இன்னா பேச்சு வந்திருக்கும், சொல்லு? வேணாம்க்கா. இடிச்சேன்னே இருக்கட்டும்."

அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. ஓங்கி ஒரு அறை விடலாமா என்றிருந்தது. வருஷா வருஷம் பூஜையில் எங்கள் ஷெட்டில் பளபளவென்று நிற்பது அவருடைய மிஷின்தான். வாழைக்கன்று கட்டுவதும் அவர்தான், கலர் காகிதம் ஒட்டுவதும் அவர்தான். பொரி பாக்கெட்டைப் பிள்ளைகளுக்கு என்று மறக்காமல் வாங்கிக்கொண்டு போவார். எங்கள் யாருக்கும் அது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை. ஆனால் ஒரு பொட்டைத் துடைக்கும் நேரம் வந்தபோது, அந்த இடத்தில் தான் யார் என்று அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. அப்படி ஞாபகம் வரும்படி நாங்கள் எல்லோரும் சேர்ந்து வைத்திருக்கிறோம்.

"எழுந்து வா," என்றேன். வர மாட்டேன் என்றார். "நீயா வரியா, நான் கையைப் பிடிச்சு இழுக்கட்டுமா?" என்றேன். வந்தார்.

முதலாளி வந்தபோது சாயந்திரம் ஆகிவிட்டது. அவர் ஒருகாலத்தில் லேத் ஓட்டியவர், பாரிவாக்கத்தில் ஒரு கூரைக் கொட்டகையில் தொழிலை ஆரம்பித்தவர். மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் இன்றைக்கும் ஷெட்டுக்குள் நுழைய மாட்டார். அந்த மனிதரை மிஷினுக்கு முன்னால் நிறுத்தினேன். மேனேஜரும் மெமோவோடு வந்து நின்றார்.

"பேசறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க சார்," என்று பொட்டோடு ரிங்கை மேஜையில் வைத்தேன். ப்ரோப் இறங்கியது. நாலு பக்கமும் தொட்டது. திரையில் அதே பத்தில் ஒரு மில்லிமீட்டர் வந்தது. ரிங்கை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே, துணியில் ஸ்பிரிட் நனைத்து அழுத்தித் துடைத்தேன். துணி மஞ்சளாயிற்று. மறுபடி வைத்து ஓட்டினேன். திரையில் பூஜ்யம்.

முதலாளி அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான்தானே வெச்சேன்," என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது. அந்த நிமிஷம் அவர் மேல் எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

மேனேஜர்தான் அதைக் கெடுத்தார். "அதெல்லாம் சரி சார். ஆனா ரிங்கைத் துடைச்சிட்டுத்தான் வைக்கணும்னு சுவத்துலயே எழுதி ஒட்டியிருக்கு. துடைக்காதது ஆப்பரேட்டர் தப்புதானே?"

"துடைக்க விட்டீங்களா?" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மிஷினில் வேலை நின்றுவிட்டது. "கையில துணியோட நின்னவரை வேண்டாம்னு தடுத்துட்டு, இப்ப ஏன்டா துடைக்கலன்னு மெமோவா? நாக்கு கூசல உங்களுக்கு?"

"நான் பொதுவாத்தாம்மா சொன்னேன்," என்றார் முதலாளி.

"பொதுவாவா? அன்னிக்கு இங்க இருந்ததே மூணு பேரு சார். ரிங் ஒருத்தர் கையிலதான் இருந்துச்சு."

முதலாளி மேனேஜரிடம் கையை நீட்டி மெமோவை வாங்கினார். நாலாகக் கிழித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆப்பரேட்டரின் தோளில் கை வைத்து, "மனசுல வெச்சுக்காதப்பா," என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"கஸ்டமருக்கு மட்டும் இன்னிக்கே காரணம் எழுதி அனுப்பிடும்மா," என்றார் முதலாளி என்னிடம். "சந்தனம் கிந்தனம்னு எழுதாத. சிரிப்பாங்க. இந்தக் காலத்துல இப்படி ஒரு கம்பெனியான்னு ஆர்டரையே நிறுத்திடுவாங்க. ஆப்பரேட்டர் கவனக்குறைவுன்னு போடு. பேரெல்லாம் போட வேணாம்."

ஆப்பரேட்டர் தோளிலிருந்த கையை மெதுவாக நகர்த்தினார். "அந்த மிஷின்ல நான் ஒருத்தன்தானே சார் ஆப்பரேட்டர்," என்றார்.

கத்தவில்லை, முறைக்கவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். மேனேஜர் போனைப் பார்த்தார். கஸ்டமர் கம்பெனியிலிருந்து மாசா மாசம் ஆட்கள் வருவார்கள். மிஷின் பக்கத்தில் நின்று வேலையைப் பார்ப்பார்கள். பேர் எதற்கு? வந்து நின்றதும் முகத்தைப் பார்த்தாலே போதும், இவன்தானா அது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் அந்த மடையன் வாயைத் திறந்தான். ஆமாம், மடையன்தான், எனக்கு அவ்வளவு கோபம். "சரி வுடுங்க சார். எம்மேலயே போட்டுக்கங்க. ஆர்டர் போனா எல்லாருக்கும் கஷ்டம்," என்றார்.

"நீ வாயை மூடு!" என்றேன். முதலாளியைப் பார்த்தும் ஏதோ சொன்னேன், என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. மரியாதையாக இருந்திருக்காது. என் மேஜைக்குப் போனேன். கஸ்டமருக்குப் போகிற மெயிலெல்லாம் என் கம்ப்யூட்டரிலிருந்துதான் போகும். உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி அடித்தேன். பூஜைக்காக ரிங்கின் உள்பக்கம் சந்தனம் வைக்கப்பட்டது. அதைத் துடைக்காமல் ப்ரோப் சரிபார்க்கப்பட்டது. துடைக்க வேண்டாம் என்று சொன்னது நிர்வாகம். முதல் பீஸ் அளக்கப்படவில்லை. ஆப்பரேட்டர் மேல் தவறு எதுவும் இல்லை.

மேனேஜர் பின்னால் நின்று படித்துவிட்டார். "மேடம், அனுப்பாதீங்க. சார்கிட்ட ஒரு வார்த்தை..."

"அனுப்பியாச்சு," என்றேன்.

முதலாளி வந்து என் மேஜைக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், நானும் தயாராகத்தான் இருந்தேன். அவர் திட்டவில்லை. ஆர்டர் போச்சு என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நெற்றியைத் தேய்த்தார். மேனேஜர் ஜன்னல் பக்கம் நின்றார். ஆப்பரேட்டர் கதவுக்கு வெளியே நின்றார், உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. பையன் டீ கொண்டுவந்து வைத்தான், யாரும் எடுக்கவில்லை.

டீயில் ஆடை படிவதற்குள் பதில் வந்துவிட்டது. சத்தமாகப் படித்தேன். "விவரத்துக்கு நன்றி. இனிமேல் சரிபார்க்கும் முன் ரிங்கைத் துடைத்துவிடுங்கள். மாற்றுச் சரக்கு என்றைக்கு வரும்?"

அவ்வளவுதான். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. யாரும் சிரிக்கவில்லை, யாரும் ஆர்டரை நிறுத்தவில்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்து படித்தவர் வீட்டிலும் பூஜை நடந்திருக்கும், அவர் வண்டிச் சக்கரத்திலும் சந்தனம் இருந்திருக்கும். முதலாளி எழுந்து வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, தானே ஒருமுறை படித்தார். "அப்பாடா," என்றார். மேனேஜர் உடனே மாற்றுச் சரக்குக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

ஆப்பரேட்டர் கதவைத் தாண்டி உள்ளே வந்தார். திரையைக் குனிந்து பார்த்தார். "அவ்ளோதானாக்கா?" என்றார்.

"அவ்வளவுதான்."

"தொடைச்சிட்டு வைங்க. அவ்ளோதான் சொல்லிக்கிறாங்களா?"

"ஆமாம்பா."

அவர் முகம் கோணியது. முதலாளி இருக்கிறார், மேனேஜர் இருக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை.

"எங்கூட்ல நான்தான் இடிச்சிட்டு மறைச்சேன்னு சொல்லிக்கீறேன்க்கா," என்றார். "மெய்யைச் சொன்னா எங்கண்ணன் இங்க வந்து சத்தம் போடுவான், பெரிய பேச்சாயிடும்னு பயந்துகினு. என் பொண்ணு நேத்து கேட்டுது, ஏம்பா இடிச்சிட்டு பொய் சொன்னேன்னு. இதுக்காக்கா? இந்த ஒரு வரிக்கா?"